கணுக்காலும் ஒரு கன்னடச் சொல்லும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது என் மனைவியின் வலது முழங்காலுக்குக் கீழே நீல மையில் போட்டிருந்த ஓர் அம்புக்குறி. அதன் முனை கணுக்காலைக் காட்டியது. எந்தக் காலில் ஆபரேஷன் என்பதில் குழப்பம் வரக்கூடாது என்று நர்ஸ் ஐந்தரைக்கே வந்து போட்டுவிட்டுப் போனதாகச் சொன்னாள். பிறகு போர்வையை விலக்கி இடது காலையும் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அதில் மை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன். காரணம் கேட்கவில்லை.

அவள் தமிழ்ச் சுற்றுலாக் குழுக்களுக்கு வழிகாட்டி. ஈரோடு, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து மைசூருக்கு வரும் பேருந்துகளில் ஏறிக்கொண்டு, அரண்மனை, ஸ்ரீரங்கப்பட்டணம், மிருகக்காட்சிசாலை என்று இரண்டு நாள் கூடவே இருந்து பத்திரமாக அனுப்பிவைப்பாள். கல்யாணமாகிப் புதுக்கோட்டையிலிருந்து வந்தவள். நான் இங்கேயே பிறந்தவன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். நான் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்துகிற வேலையில் இருக்கிறேன். கன்னடம் எனக்குத் தமிழைவிடச் சற்று எளிது. அவளுக்கு இத்தனை ஆண்டில் கன்னடம் காய்கறிக் கடை அளவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. வேலை முழுக்கத் தமிழில். ஆட்டோக்காரரிடம் வழி சொல்வதென்றால் இந்த ஊரில் எல்லாருமே லெஃப்ட், ரைட் என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு வழிகாட்டி அரண்மனைக்குள் எப்படி நடக்கிறார் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். குழுவைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். உள்ளே செருப்புக்கு இடமில்லை, எல்லாம் வெறுங்கால். பேசிக்கொண்டே, தலைகளை எண்ணிக்கொண்டே, படி வருவதைக் குதிகாலால் தடவித் தெரிந்துகொண்டு அவள் பின்னால் போவாள். வலது பக்கத்து ஓவியத்தைக் காட்ட வேண்டுமானால் தன் இடது கையைத் தூக்கி, "உங்க வலது பக்கம்" என்பாள். எதிரே நிற்கிறவர் பார்க்கிறவரின் பக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். அது அவளுக்கு உடம்பிலேயே ஊறிவிட்டது.

ஒருமுறை நானும் ஒரு குழுவோடு போயிருந்தேன். தாராபுரத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க கைடம்மா, ராசாவுக்கு முதுகு காட்டக் கூடாதுன்னா இப்படி நடக்கறீங்க?"

"ராஜாவ நம்பலாங்க ஐயா. உங்களத்தான் நம்ப முடியல. முதுகத் திருப்பினா நாலு பேரு காணாமப் போயிடுவீங்க."

அந்த நடைதான் மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் தடவை தவறியது. ஒரு படியின் விளிம்பில் பாதம் உள்பக்கமாக மடிந்தது. சுளுக்கு என்று எண்ணெய் தடவி, கட்டுத் துணி சுற்றி, நான்காம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். அது ஆறிய மாதிரி இருந்தது. பிறகு சமதரையில் மடியத் தொடங்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒருநாள் ஐம்பது பேருக்கு முன்னால் விழுந்தாள். வீட்டில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கிற தசைநாருக்கு வீட்டுப் பேச்சில் அதுதான் பெயர். கணுக்காலுக்கென்று உறை கிடைக்கிறது. ஆனால் அது ஷூவுக்குள் போட்டால்தான் பிடிக்கும். வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் பயனில்லை. மறுபடி பின்னோக்கி நடக்க வேண்டுமென்றால் அறுவைதான் என்று ஆனது.

எலும்பு டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர், அவசரமில்லாதவர். கெண்டைக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் குதிகாலை முன்னால் இழுத்துப் பார்த்தார். வலது பாதம் டிராயர் திறப்பதுபோல் முன்னால் வந்தது. பிறகு அவள் கட்டை விரலை மணிக்கட்டை நோக்கி வளைத்தார். அது முன்கையைப் போய்த் தொட்டது. பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டித்தான் எல்லாரையும் பயமுறுத்துவேன் என்று அவள் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. உடம்பு முழுக்கவே ஜவ்வு இளகின வாகு, அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார்.

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பாத எலும்புக்கூடு இருந்தது. அதை வைத்து எனக்கு ஆங்கிலத்திலும் அவளுக்குக் கன்னடத்திலுமாக மாறி மாறி விளக்கினார். முதல் முறையில் கிழிந்து தொங்கும் சொந்த ஜவ்வையே இழுத்து, சுருக்கி, வெளிப்பக்கக் கணு எலும்பில் திருகாணிபோன்ற சிறு முளைகளை இறக்கி, அவற்றின் நூலால் தைத்துவிடுவார்கள். பக்கத்திலுள்ள மெல்லிய திசு உறையையும் மேலே இழுத்துப் போர்த்தித் தைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். சொந்த ஜவ்வு தேறாது என்றால் இரண்டாவது முறை: முழங்காலின் உள்பக்கத்தில் தசையை எலும்போடு பிணைக்கும் ஒரு மெல்லிய நாணை உருவி, எலும்பில் துளை போட்டு அதன் வழியே கோத்து, புதிதாக ஜவ்வு செய்வது. அந்த நாண் போனாலும் நடைக்குக் குறை வராது. கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் நாணையே வெட்டித் திருப்பிக் கட்டுகிற மூன்றாவது முறை ஒன்று உண்டாம். அவருடைய ஆசிரியர் காலத்தில் அதைத்தான் செய்தார்களாம். அந்த நாணே கணுக்காலுக்குக் காவல். காவல்காரனைக் கழற்றிக் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்வதுபோல என்று அதை விட்டுவிட்டார்கள்.

அவர் திட்டம் எளிமையானது. திறந்து பார்ப்பது. ஜவ்வு தேறினால் தைப்பது, இல்லையென்றால் அங்கேயே, அப்போதே முழங்காலிலிருந்து நாண் எடுப்பது. அதற்கு முன்கூட்டியே இரண்டுக்கும் சம்மதம் வேண்டும். முழங்கால் என்று அவர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். எந்த முழங்கால் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அடிபட்ட காலின் முழங்கால்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். சொல்லத் தேவையில்லாத விஷயம் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, ஓர் இளம் டாக்டர். நான் அப்போது இரண்டாம் மாடியில் எம்.ஆர்.ஐ. படத்துக்காக நின்றிருந்தேன். கொடுக்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. படிவத்தில் இரண்டு கட்டங்கள். தையலுக்கு எதிரே டிக். நாண் எடுப்பதற்கு எதிரே பெருக்கல் குறி, கீழே அவளுடைய கையெழுத்து.

ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணு கெட்டது போதும். இன்னொண்ணையும் கெடுத்துக்க வேணாம்."

கணுக்கால் போதும், முழங்காலையும் அறுக்க வேண்டாம் என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். டாக்டர் இரண்டுக்கும் சம்மதம் கேட்டாரே என்றேன். அவள் குரல் கறாராக இருந்தது. "என் காலுங்க. நான் மயக்கத்துல கெடக்கும்போது யார் வந்து கேட்டாலும் மாத்திச் சொல்லிடாதீங்க." சரி என்றேன். அவளுடைய கால், அவளுடைய முடிவு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

எட்டு இருபதுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, நாண் எடுக்க வேண்டாமா என்று கடைசியாக ஒருமுறை கன்னடத்தில் கேட்டிருக்கிறார்கள். பேடா, வேண்டாம், என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் தூங்க மருந்து கொடுத்தார்கள். இதை எனக்குச் சொன்னவர் டாக்டரே. பதினொன்று ஐந்துக்குத் தியேட்டர் கதவை அரையளவு திறந்துகொண்டு, பச்சை உடையில், முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

ஜவ்வு நனைந்த காகிதம்போல் இருக்கிறது என்றார். நூலை இழுத்தால் அறுத்துக்கொண்டு வருகிறது. திசு உறையைப் போர்த்திச் சமாளிக்கலாம், ஆனால் ஜவ்வு இளகின இந்த உடம்பில் அது நிற்கும் என்று சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழே இரண்டு அங்குலம் கீறினால் நாண் கைக்கு வந்துவிடும். இருபது நிமிட வேலை. நோயாளி எழுத்தில் வேண்டாம் என்றிருக்கிறார், தானாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் இப்போது கேட்டால் அவர் சரி என்பார் என்று கணவரான எனக்கு உறுதியிருந்தால் சொல்லலாம். தொடையில் ரத்தத்தை நிறுத்திப் பட்டை கட்டியிருக்கிறது, அதிக நேரம் தர முடியாது.

அவருக்குப் பின்னால், கதவின் இடைவெளியில், ஒரு சக்கர மேஜையும் அதன்மேல் மடித்துவைத்த பச்சைத் துணிகளும் மட்டும் தெரிந்தன. அவள் தெரியவில்லை. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஏழு. யாரையாவது கேட்கலாம் என்றால் கேட்க வேண்டியவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் சொன்னதை அவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்பது என் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். அதனால் சொன்னேனா, முந்தைய மாலை கொடுத்த வாக்கினால் சொன்னேனா என்று இன்றும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள் என்றேன். டாக்டர் ஒருமுறை தலையசைத்தார். முகமூடியை ஏற்றிக்கொண்டார். கதவு தானாக மூடிக்கொண்டது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. பிறகு கணுக்காலை அசையாமல் பிடிக்கிற ஒரு பூட், அதோடு பயிற்சி. மருத்துவமனையின் தரைத்தளத்தில், கண்ணாடிச் சுவர் போட்ட கூடத்தில், மண்டியாவிலிருந்து வரும் ஓர் இளம்பெண் பயிற்சி தருவார். பேச்சும் சிரிப்புமாக வேலை வாங்குவார். எட்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். பயிற்சிப் பெண் முதுகைக் காட்டியபடி ஒரு ரப்பர்ப் பட்டையைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"பலகாலு மேலெத்தி, அம்மா."

என் மனைவி இடது காலைத் தூக்கினாள்.

திரும்பிப் பார்த்த பெண் சிரித்துவிட்டார். அது எடகாலு, அந்தக் காலுக்கு இன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லை என்றார் கன்னடத்தில். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"எடகாலுன்னா இடது, தெரியுது. பலகாலுன்னா?"

"வலது."

"பலமான கால் இல்லையா?"

"இல்ல. வலது கால்."

தூக்கிய காலை மெதுவாக இறக்கினாள். பயிற்சிப் பெண் பட்டையோடு வந்து நின்றார். அவரை அவள் பார்க்கவில்லை.

"அப்ப அந்தச் சின்ன டாக்டர் அன்னிக்கு எந்தக் காலச் சொன்னாரு?"

பதிலுக்கு நிற்காமல் வலது காலைத் தூக்கினாள். பத்து எண்ணிக்கை முடியும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டில் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே மாதிரி சொன்னாள். படிவத்தில் எழுதிக்கொண்டே அந்த இளம் டாக்டர் ஜவ்வு சரியில்லையென்றால் பலகாலிலிருந்து எடுப்போம் என்றிருக்கிறார். பலகாலு என்றால் கன்னடத்தில் வலது கால். பல என்பதற்கு வலிமை என்ற பொருளும் அந்த மொழியில் உண்டு. புதுக்கோட்டைக் காதுக்கு அது பலமான கால், அதாவது அடிபடாத கால். அவர் எங்கே என்று காட்டியும் இருக்கிறார். அவளுக்கு எதிரே நின்றபடி தன் வலது முழங்காலைத் தொட்டிருக்கிறார். அவளுக்கு நேராக அது அவளுடைய இடது காலின் பக்கம். எதிரே நிற்கிறவர் பார்க்கிறவரின் பக்கத்தைத்தானே காட்டுவார்? புரிந்ததா என்று கேட்டிருக்கிறார். புரிந்தது என்று சொல்லியிருக்கிறாள். நல்ல காலை அறுத்துக் கெட்ட காலுக்குப் போடுவதா, அப்புறம் இரண்டு காலும் நடுங்கினால் எதில் ஊன்றுவது என்று நினைத்து வேண்டாம் என்றிருக்கிறாள். அவள் புரிந்துகொண்டபடி பார்த்தால் அது சரியான முடிவு. எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

எந்தக் கால்? இரண்டே சொல். படிவத்தைப் பார்த்தபோது கேட்டிருக்கலாம். காலையில் அவள் இடது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது கேட்டிருக்கலாம். கதவருகே நின்றபோதுகூட நேரம் இருந்தது. தினமும் மற்றவர்களின் செய்திகளில் நான் கேட்கிற கேள்வி அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஊருக்கெல்லாம் பிழை திருத்துறீங்க." அடுப்பில் பால் வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் போனாள். பூட் போட்ட காலைத் தரையில் இழுத்து வைக்கும் ஓசை சமையலறைவரை கேட்டது.

நான்காம் மாதம் டாக்டரிடம் போனோம். பழையபடி கெண்டைக்காலைப் பிடித்து, குதிகாலை இழுத்தார். கணுவுக்கு முன்னால் தோலில் சின்னக் குழி விழுந்தது. இடது காலில் அதே மாதிரி செய்தார். குழி விழவில்லை. தையல் தளர்ந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகுதான் நான் பலகாலு விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். கோப்பை எடுத்துப் படிவத்தைத் திருப்பினார். நாண் எடுக்க நோயாளி சம்மதிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வலது, இடது என்று எதுவும் இல்லை. அந்த இளம் டாக்டர் மேற்படிப்புக்குப் போய்விட்டாராம். அன்று கதவருகே தானும் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை என்பதை அவரே நினைவுபடுத்திச் சொன்னார். நானும் கேட்கவில்லை என்றேன்.

இனி என்ன என்று அவள்தான் கேட்டாள். நாண் போட்டு மறுபடி செய்யலாம், ஆனால் ஓர் ஆண்டாவது போகட்டும் என்றார். முளைகள் இறக்கிய எலும்பில் புதிதாகத் துளை போட வேண்டும். முதல் தடவையே செய்திருந்தால் இருந்திருக்கும் உறுதியை இப்போது சொல்ல முடியாது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். கன்னடத்தில், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்:

"பலகாலிந்தானா?"

ஆமாம், அதே காலிலிருந்துதான் என்றார் டாக்டர். தன் முழங்காலைத் தொடப் போன கையை நிறுத்தி, குனிந்து, அவளுடைய வலது முழங்காலுக்கு நேரே விரலை நீட்டிக் காட்டினார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டாள்.

அந்த வாரம் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கச் சொன்னாள். வெறுங்காலோடு ஜன்னலிலிருந்து சுவர்வரை பின்னோக்கி நடந்து பார்த்தாள். நான் பின்னால், இரண்டு கைகளையும் விரித்தபடி, அவளோடு சேர்ந்து பின்வாங்கினேன். வாயைத் திறந்து பேசவும் செய்தாள். பேசாமல் நடந்தால் அது வேலை ஆகாது என்றாள். உங்க வலது பக்கம், உங்க இடது பக்கம் என்று ஆளில்லாத கூடத்தில் கை காட்டிக்கொண்டே வந்தாள். ஏழாவது அடியில் பாதம் உள்ளே மடிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டேன். விடுங்க என்றாள். மறுநாள் ஒன்பது அடி. அதற்கு அடுத்த நாள் நான்கு. நான்காம் நாள் நாற்காலிகளை அவளே பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டாள்.

பேருந்துகளை அனுப்புகிற ஈரோட்டுக்காரர் நல்ல மனிதர். போனில் தயங்கித் தயங்கிப் பேசினார். அக்கா வண்டிக்குள்ள மைக்குல பேசுங்க போதும், உள்ள கூட்டிட்டுப் போக ஒரு பொண்ணு பாத்திருக்கேன், கால் சரியாகிற வரைக்கும்தான் என்றார். அந்தப் பெண்ணுக்கு எந்த அறையில் எதைச் சொல்ல வேண்டும் என்று என் மனைவி இரண்டு மாலை போனில் சொல்லிக்கொடுத்தாள்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முதல் பேருந்து வந்தது. ஐம்பத்திரண்டு பேர். அவர்கள் அரண்மனைக்குள் போன ஒன்பது இருபதிலிருந்து திரும்பி வந்த பதினொன்றே கால்வரை அவள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.